ஸ்டெம் கல்வி: பெட்டியில் வாங்குவதா, கிணற்றடியில் தேடுவதா?

'ஸ்டெம்' என்ற சொல் இப்போது எமது ஊர்களிலும் அடிக்கடி காதில் விழுகின்றது. ரொபோட்டிக்ஸ் வகுப்பு, கோடிங் வகுப்பு, பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கப்படும் பாகங்கள் அடங்கிய பெட்டி என அது பெற்றோரை வந்தடைகின்றது. பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது என்ற அச்சத்தில் வசதியுள்ளவர்கள் பணம் கட்டுகிறார்கள். வசதியற்றவர்கள் இன்னுமொரு கதவு மூடப்பட்டதாக நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள்.

இந்த இரண்டு தரப்பினருக்கும் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஸ்டெம் என்பது பெட்டியில் விற்கும் பொருளல்ல. அது ஒரு கற்பித்தல் முறை. அம்பாறைக் கரையோரத்தில் அதற்குத் தேவையான பொருள்களில் பெரும்பகுதி ஏற்கெனவே எம்மைச் சுற்றிக் கிடக்கின்றது. இல்லாமல் இருப்பவை வேறு சில. அவை எவை என்பதைக் கண்டறிய, இதே நாட்டில் 1972இல் நடந்த ஒரு முயற்சியையும் அது தோற்ற விதத்தையும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கின்றது.

ஸ்டெம் என்றால் என்ன?

விஞ்ஞானம், தொழினுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து உண்டாக்கிய சொல்தான் ஸ்டெம். இது 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அமெரிக்காவில் பரவலானது. ஆனால் அதன் உள்ளீடு பழையது. அதனை இரண்டு வாக்கியங்களில் அடக்கிவிடலாம்.

முதலாவது, பிள்ளை ஒன்றைக் கேட்டு மனனம் செய்வதற்குப் பதிலாகக் கையால் செய்து, அளந்து, பிழைத்து, திருத்திக் கற்க வேண்டும். இரண்டாவது, உண்மையான பிரச்சினை எதுவும் பாடவேளைப்படி பிரிந்து வருவதில்லை. ஒரு கிணற்று நீர் ஏன் உவர்க்கின்றது என்று கேட்டால், அதற்குள் பௌதிகவியலும் இரசாயனவியலும் புவியியலும் கணிதமும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆகவே பாடங்களை ஒன்றிணைத்துக் கற்பிக்க வேண்டும்.

எமது மேடைகளில் இப்னு ஹைதமின் பெயர் பெருமையோடு உச்சரிக்கப்படுகின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அவர் இருட்டறையின் துவாரத்துக்கு முன்னால் விளக்குகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாக மூடியும் திறந்தும் பார்த்து, ஒளி நேர்கோட்டில் செல்வதைச் சோதித்தார். ஒரு சப்பாத்துப் பெட்டியும் ஒரு ஊசியும் இருந்தால் எட்டாம் தரப் பிள்ளை அதைச் செய்து பார்க்கலாம். எத்தனை வகுப்பறைகளில் செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

1972: எமது நாட்டின் மறந்துபோன முயற்சி

1970 முதல் 1977 வரை கல்வி அமைச்சராக இருந்தவர் கலாநிதி பதியுத்தீன் மஹ்மூத். கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி அவருடைய பெயரைத்தான் தாங்கி நிற்கின்றது. அவர் காலத்துக் கல்விக் கொள்கை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தல் சர்ச்சை. அதே காலத்தில் நடந்த இன்னொன்றைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை.

1971 கிளர்ச்சியில் படித்தும் வேலையற்றிருந்த கிராமத்து இளைஞர்கள் பெருமளவில் இறங்கியது அரசை உலுக்கியது. அதே ஆண்டு இலங்கைக்கு வந்த சர்வதேச தொழில் நிறுவனத்தின் தூதுக்குழுவும், கல்வி வளர்க்கும் எதிர்பார்ப்புக்கும் நாட்டில் கிடைக்கும் தொழிலுக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சுட்டிக்காட்டியது. இந்தப் பின்னணியில் 1972இல் புதிய பாடவிதானம் அறிமுகமானது. கல்வி அமைச்சின் செயலாளராக இருந்த கலாநிதி பிரேமதாச உடகம அதன் பின்னணியில் நின்ற முக்கியமானவர்.

அதில் இரண்டு அம்சங்கள் கவனத்துக்குரியவை. கனிஷ்ட இடைநிலைப் பிரிவில் ஒன்றிணைந்த விஞ்ஞானம் என்ற பாடம் வந்தது. அத்தோடு 'தொழில் முன்னிலைப் பாடம்' என்ற ஒன்றும் வந்தது. ஒவ்வொரு பாடசாலையும் தன் சுற்றாடலில் உள்ள மீன்பிடி, நெசவு, மட்பாண்டம், விவசாயம் போன்ற ஒரு தொழிலைத் தெரிவு செய்து மாணவர்களுக்குப் பாடமாக்க வேண்டும். அந்தத் தொழிலின் கருவிகளையும் மூலப்பொருள்களையும் வருமானத்தையும் பிள்ளைகள் நேரில் பார்த்துப் படிக்க வேண்டும். க.பொ.த. சாதாரண தரத்துக்குப் பதிலாகத் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை 1975இல் முதன்முறை நடைபெற்றது.

இன்று பல நாடுகள் புதுமையாகப் பேசுவதை இலங்கை அரை நூற்றாண்டுக்கு முன்னரே நாடளாவிய ரீதியில் தொடங்கியிருக்கின்றது. ஆனால் 1977இல் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. பழைய சாதாரண தரமும் உயர்தரமும் திரும்பி வந்தன.

ஆட்சி மாற்றம் கடைசி அடி மாத்திரமே. அதற்கு முன்பே திட்டம் தளர்ந்திருந்தது. கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதவில்லை. கருவிகளுக்கும் பொருள்களுக்கும் பணம் போதவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பெற்றோர் நம்பவில்லை. கடலிலும் வயலிலும் தாம் படும் பாடு பிள்ளைக்கு வேண்டாம் என்றுதான் ஏழை வாப்பா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார். அங்கேயும் மீன்பிடியைப் படிப்பித்தால், 'எங்கள் பிள்ளையை எங்கள் தொழிலுக்கே திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள்' என்றுதான் அவருக்குத் தோன்றும். நகரத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளை வைத்தியராவதற்கான வழியில் போய்க்கொண்டிருக்கையில் அந்தச் சந்தேகத்தைத் தவறென்று சொல்லவும் முடியாது.

இங்கேதான் ஒரு நுணுக்கமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தறி நெய்யப் பழக்குவது வேறு, தறியை வைத்துக் கணிதம் கற்பிப்பது வேறு. முன்னையது பிள்ளையை ஒரு தொழிலுக்குள் நிறுத்திவிடும் என்ற அச்சத்தைத் தரும். பின்னையது அந்தத் தொழிலை ஏணியாக்கிப் பிள்ளையை அறிவுக்குள் ஏற்றிவிடும். 1972 திட்டம் பெற்றோரின் கண்ணுக்கு முன்னையதாகவே தெரிந்தது.

அதே 1972இல் ஹோஷங்காபாத்தில்

தற்செயலாக அதே ஆண்டில் இந்தியாவின் மத்தியப் பிரதேச மாநிலத்தில், ஹோஷங்காபாத் மாவட்டத்தில், ஒரு விஞ்ஞானக் கற்பித்தல் திட்டம் 16 கிராமப்புறப் பாடசாலைகளில் தொடங்கியது. கிஷோர் பாரதி, ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு தொண்டு அமைப்புகள் அதனைத் தொடங்கின. டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தினதும் தில்லிப் பல்கலைக்கழகத்தினதும் விஞ்ஞானிகள் துணை நின்றார்கள். 1978இல் அது மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பாடசாலைகளுக்கும் விரிந்தது. 1982இல் உருவான ஏகலவ்யா என்ற நிறுவனம் பின்னர் அதனைப் பொறுப்பேற்று நடத்தியது.

அங்கே செய்தவை மூன்று. முதலில், 'பால வைஞானிக்' என்ற பாடநூலில் விடைகள் எழுதப்பட்டிருக்கவில்லை. என்ன செய்ய வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்ற கேள்விகளே இருந்தன. நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிள்ளைகள் பரிசோதனை செய்து தாமே முடிவை எழுதினார்கள். இரண்டாவதாக, ஆசிரியரை ஒருமுறை பயிற்றுவித்துக் கைவிடவில்லை. அவர்கள் மாதந்தோறும் கூடித் தமது சிக்கல்களைப் பேசினார்கள். மூன்றாவதுதான் மிக முக்கியமானது. பரீட்சையையே மாற்றினார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். அத்துடன் செயன்முறைப் பரீட்சையும் உண்டு. புத்தகத்தைப் பார்த்தும் எழுத முடியாத கேள்வியைத் தயாரிக்க வேண்டுமானால், சிந்திக்கவைக்கும் கேள்வியைத்தானே கேட்க வேண்டும்?

இன்னொரு சுவையான விடயமும் உண்டு. 'சவாலிராம்' என்றொரு கற்பனை மனிதரை உருவாக்கி, பிள்ளைகள் தமது சந்தேகங்களை அவருக்குக் கடிதமாக எழுதலாம் என்றார்கள். எழுதியவர்களுக்குப் பதிலும் போனது. கேள்வி கேட்பது குற்றமல்ல என்று ஒரு கிராமத்துப் பிள்ளை உணர்வதற்கு அந்த ஒரு கடிதம் போதும்.

இத்திட்டத்துக்கு வந்த இளம் பொறியியலாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வுக் குழாய்த் துண்டுகளையும் இணைத்துக் கேத்திரகணித உருவங்கள் செய்யும் வழியைக் கண்டார். பின்னர் குப்பையிலிருந்து விஞ்ஞான விளையாட்டுப் பொருள்கள் செய்வதையே வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார். முக்கோணம் ஏன் அசையாமல் நிற்கிறது, சதுரம் ஏன் சரிகிறது என்பதைத் தீக்குச்சியில் கண்ட பிள்ளைக்கு, கூரைக்கு ஏன் முக்கோணச் சட்டம் போடுகிறார்கள் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

எமது முயற்சி ஐந்து ஆண்டுகளில் முடிந்தது. ஹோஷங்காபாத் திட்டம் முப்பது ஆண்டுகள் நின்று, ஆயிரம் வரையான பாடசாலைகளை எட்டியது. 2002இல் மாநில அரசு அதனை நிறுத்தியபோதும் அதன் பாடநூல்களும் அனுபவமும் அழியவில்லை. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் பணத்தில் மாத்திரம் இல்லை. ஆசிரியருக்குத் தொடர்ச்சியான துணை, பரீட்சையில் மாற்றம் ஆகிய இரண்டிலும்தான் பெரிதும் இருக்கின்றது.

உலகின் வேறு இடங்களிலும் இதே பாடம்தான். பின்லாந்து 2016இல் நடைமுறைக்கு வந்த பாடவிதானத்தில், ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பல பாடங்களை இணைத்த ஓர் அலகைக் கற்க வேண்டும் என்று விதித்தது. தனித்தனிப் பாடங்களை அது ஒழித்துவிடவில்லை. சிங்கப்பூர் தனது இடைநிலைப் பாடசாலைகள் ஒவ்வொன்றும் நிஜ வாழ்க்கைப் பிரச்சினையோடு இணைந்த ஒரு செயன்முறைத் திட்டத்தை வைத்திருக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் தொடங்கிய 'வானவில் மன்றம்', ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையான அரசுப் பாடசாலைப் பிள்ளைகளிடம் பரிசோதனைகளைக் கொண்டுபோகின்றது.

நாம் இப்போது நிற்கும் இடம்

இலங்கையில் ஆவணங்களுக்குக் குறைவில்லை. 1997 சீர்திருத்தம் ஆரம்பப் பிரிவில் செயற்பாட்டு வழிக் கற்றலைக் கொண்டுவந்தது. 2007இல் தேசிய கல்வி நிறுவகம் தேர்ச்சி மையப் பாடவிதானத்தோடு, தேடிக் கண்டறிதலை மையமாகக் கொண்ட '5ஈ' முறையை அறிமுகம் செய்தது. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. பல பாடசாலைகளுக்குத் தொழினுட்ப ஆய்வுகூடக் கட்டடங்களும் கிடைத்தன. 2026இல் முதலாம், ஆறாம் தரங்களில் தொடங்குவதாக அறிவிக்கப்பட்ட புதிய சீர்திருத்தமும் மனனத்தைக் குறைத்துச் செயற்பாட்டைக் கூட்டுவோம் என்றே சொல்கின்றது.

ஆனால் பரீட்சை எங்கே நிற்கின்றது? உயர்தர விஞ்ஞானப் பிரிவில் செயன்முறை அறிவும் அமைப்புக் கட்டுரை வினாக்களாகக் காகிதத்தில்தான் சோதிக்கப்படுகின்றது. வேணியர் இடுக்கிமானியைக் கையில் பிடிக்காமலே, அதன் வாசிப்பை எடுக்கும் முறையைச் சரியாக எழுதி ஒரு பிள்ளை முழுப் புள்ளி வாங்கிவிட முடியும். எமது பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். வைத்திய, பொறியியல் பீடங்களுக்கு ஆண்டுதோறும் போகிறார்கள். கேட்கப்படுவதை அவர்கள் சரியாகத் தருகிறார்கள். கேட்கப்படாததை ரியூஷன் வகுப்பும் தராது, பாடசாலையும் தராது.

பாடசாலைக் கண்காட்சிகளைப் பாருங்கள். புத்தகக் கடையில் வாங்கிய ரெஜிபோம் எரிமலையும், மூத்தவர்கள் செய்து கொடுத்த காற்றாலையும் மேசையில் நிற்கும். பிள்ளை பக்கத்தில் நின்று பாடமாக்கிய விளக்கத்தை ஒப்புவிக்கும். அதிலிருந்து அந்தப் பிள்ளை கண்டுபிடித்தது எதுவுமில்லை.

எமது கரையோரத்தில் கிடக்கும் பாடம்

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் மணற்பாங்கான கரையோரத்தில் வாழ்பவர்களுக்குக் கிணறுதான் பழைய நீராதாரம். அந்த மணலுக்குள் மழையால் சேர்ந்த நன்னீர், கீழே உள்ள கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. இந்தச் சிறிய வித்தியாசத்தை வைத்து ஒரு கணக்குப் போடலாம். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம். மறுபக்கமாகச் சொன்னால், மோட்டார் போட்டு இறைத்து நீர்மட்டத்தை 10 சென்ரிமீற்றர் நிரந்தரமாக இறக்கினால், உவர்நீர் காலப்போக்கில் 4 மீற்றர் வரை மேலே ஏறி வரலாம். மண்ணின் தன்மைக்கு ஏற்ப இந்த எண்கள் மாறும், தத்துவம் மாறாது.

2004 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தப்பியவர்களின் கிணறுகளுக்குள் கடல் புகுந்திருந்தது. நல்ல நோக்கத்தோடு அவற்றைத் திரும்பத் திரும்ப மோட்டாரால் இறைத்தார்கள். கிழக்குக் கரையோரத்தில் பின்னர் நடந்த ஆய்வுகள், மிதமிஞ்சி இறைத்தது கீழிருந்த உவரை மேலே இழுத்துச் சுத்தமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்றும், கிணறுகளை மீட்டதில் மாரி மழைக்கே பெரும் பங்கு என்றும் காட்டின. அடர்த்தி என்ற பாடம் பரீட்சைக்கு மாத்திரம் உரியதல்ல என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

இதனை ஒன்பதாம் தரத்தில் எப்படிச் செய்யலாம்?

குடிபான உறிஞ்சியின் ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து நீரில் நிமிர்ந்து மிதக்க விடுங்கள். ஒரு லீற்றர் நன்னீரில் 35 கிராம் உப்பைக் கரைத்தால் ஏறத்தாழக் கடல்நீர் கிடைக்கும். நன்னீரில் எதுவரை மூழ்கியது, உப்புநீரில் எதுவரை மூழ்கியது என்று குறித்தால் உங்களிடம் ஒரு நீரடர்த்திமானி இருக்கின்றது. கிணறுகளில் காணப்படும் சிறிய உவரை அது காட்டாது. அதற்கு இரண்டு பென்சில் கரிக்குச்சிகள், ஒரு 9 வோல்ற்று மின்கலம், ஒரு மல்ரிமீற்றர் போதும். உவர் கூடினால் மின்னோட்டமும் கூடும். வீட்டு மின்சாரத்தைத் தொடத் தேவையில்லை, தொடவும் கூடாது.

பின்னர் கடற்கரையிலிருந்து பிரதான வீதி வரை இருபது வீட்டுக் கிணறுகளைத் தெரிவு செய்யட்டும். பெரியவர் ஒருவர் நீர் அள்ளித் தர, மாதம் ஒருமுறை நீர்மட்டத்தையும் உவரையும் அளக்கட்டும். கோடையில் தொடங்கி மாரி முடியும்வரை வரைபு கீறட்டும். கடலிலிருந்து உள்ள தூரத்துக்கும் உவருக்கும் தொடர்பு உண்டா? மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் எத்தனை மீற்றர்? கூரை நீரைச் சேமித்து மணலுக்குள் விட்டால் என்ன நடக்கும்? அடர்த்தி விஞ்ஞானம், வரைபும் இடையும் கணிதம், அளக்கும் கருவி தொழினுட்பம், மழைநீர்க் குழியின் வடிவமைப்பு பொறியியல். நான்கும் ஒரே கிணற்றடியில் வந்துவிட்டன. ஆண்டு முடிவில் ஊருக்குப் பயன்படும் ஒரு வரைபடமும் கைக்கு வந்துவிடும்.

இன்னும் இரண்டை மாத்திரம் சுருக்கமாகச் சொல்லலாம்.

ஒலுவில் துறைமுகம் டென்மார்க் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. அதன் பின்னர் வாயிலை மணல் மூடியதும், வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரை அரிக்கப்பட்டதும், தோப்புகளும் மீனவர்களின் கரைவலைத் துறைகளும் பாதிக்கப்பட்டதும் நாமறிந்தவை. எமது கரையில் அலைகள் மணலை ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. குறுக்கே ஒரு தடை வந்தால் தெற்கே மணல் குவியும், வடக்கே பற்றாக்குறை ஏற்படும். ஒரு தட்டில் மணலும் நீரும் வைத்து, அடிமட்டத்தால் சாய்வாக அலை எழுப்பி, நடுவே ஒரு கல்லை வைத்தால் பத்து நிமிடத்தில் இதன் சாயலைப் பிள்ளை காணும். ஒரு நிலையான சுவரிலிருந்து அலை எட்டும் கோடு வரை மாதாமாதம் அளந்தால், எதிர்காலத்தில் அதிகாரிகளிடம் பேசுவதற்கு ஊரின் கையில் எண்கள் இருக்கும்.

மருதமுனையின் தறியையும் பாருங்கள். ஒவ்வொரு பாவு நூலும் ஒரு நேரத்தில் மேலே அல்லது கீழே. ஒன்று அல்லது பூச்சியம். 1804இல் பிரான்சில் ஜக்கார் துளையிட்ட அட்டைகளால் தறியை இயக்கினார். அந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்ள்ஸ் பாபேஜ் தன் கணிப்பொறிக்கு யோசனை எடுத்தார். அங்குலத்துக்கு 60 நூல், 40 அங்குல அகலம், 12 சிவப்பும் 8 வெள்ளையும் மாறிவரும் கோடு என்றால் அந்தக் கோலம் எத்தனை முறை வரும்? 2400ஐ 20ஆல் பிரித்தால் 120. கோடிங் வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளையின் பக்கத்து வீட்டிலேயே கணினியின் மூதாதை நிற்கின்றது.

செய்யக்கூடியவை

'பரீட்சை இருக்கிறதே, நேரம் எங்கே?' என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். பாடவிதானம் முழுவதையும் இப்படிக் கற்பிக்கச் சொல்லவில்லை. வெறுமனே பொருள்களைக் கொடுத்துப் பிள்ளைகளை விட்டுவிட்டால் விளையாட்டுத்தான் நடக்கும். சரியான கேள்வியைக் கேட்டு, முடிவைத் தொகுத்துக் கொடுக்க ஆசிரியர் வேண்டும். தரம் 6 முதல் 9 வரை, தவணைக்கு ஒரு பிரச்சினை, கிழமைக்கு ஒரு இரட்டைப் பாடவேளை என்பது தாங்கக்கூடிய அளவு.

ஆசிரியருக்கான துணைக்கு நாம் தூரத்தே போக வேண்டியதில்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கின்றது. பொறியியல், தொழினுட்ப பீடங்கள் ஒலுவிலில் இருக்கின்றன. ஆசிரியர்களை உருவாக்கும் தேசிய கல்வியியற் கல்லூரி அட்டாளைச்சேனையில் இருக்கின்றது. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று வலயங்களின் விஞ்ஞான, கணித ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை இவற்றில் ஒன்றில் கூடினாலே ஹோஷங்காபாத்தின் பாதி வேலை நடந்துவிடும்.

பழைய மாணவர் சங்கங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் வரவேற்பு வளைவுக்கும் ஒலிபெருக்கிக்கும் சேர்க்கும் பணத்தில் ஒரு பகுதியை மல்ரிமீற்றர், தராசு, வெப்பமானி, கண்ணாடிக் குவளைகளுக்கு ஒதுக்கலாம். பூட்டிக் கிடக்கும் ஆய்வுகூடத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று பெற்றோர் அடுத்த கூட்டத்தில் கேட்கலாம். கண்காட்சிகளில் கடையில் வாங்கிய மாதிரிகளுக்குப் பரிசில்லை, பிள்ளை தானே அளந்த எண்களுக்குத்தான் பரிசு என்று அதிபர் ஒருவர் அறிவித்தால் செலவே இல்லாமல் ஒரு மாற்றம் தொடங்கும்.

பரீட்சையை மாற்றும் அதிகாரம் எம்மிடம் இல்லை. ஆனால் அதற்காகக் குரல் கொடுக்கலாம். புதிய சீர்திருத்தம் பேசப்படும் இவ்வேளையில், சமயப் பாடநூலில் எந்த வரி வந்தது, எந்த வரி விடுபட்டது என்பதை எமது சமூகம் விழிப்போடு பார்க்கின்றது. அதே விழிப்போடு, செயன்முறைக்குப் புள்ளி உண்டா, கருவிக்கு நிதி உண்டா, ஆசிரியருக்குத் தொடர் பயிற்சி உண்டா என்ற மூன்று கேள்விகளையும் எமது பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டும். 1972இல் இந்த மூன்றும் இல்லாமல்தான் ஒரு நல்ல யோசனை தோற்றது. அன்று அதனால் நட்டப்பட்டவர்கள் கொழும்பின் பெரிய பாடசாலைப் பிள்ளைகள் அல்லர். எமது கரையோரத்தைப் போன்ற ஊர்களின் பிள்ளைகள்தான் நட்டப்பட்டார்கள். இம்முறையும் தோற்றால், பெட்டி வாங்க வசதியுள்ள பிள்ளை எப்படியோ கற்றுக்கொள்ளும். மற்றப் பிள்ளைக்கு இருப்பது அரச பாடசாலையும் அதன் பக்கத்துக் கிணறும்தான்.